மூன்று வருட வாரண்டி

அத்தியாயம் பதினான்கு

டாக்டரின் அறையில் தம்பியைத் தனியாக விட்டுவிட்டு மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றாளே, மூத்தவள்? அவள் திரும்பி வந்தபோது இளையவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாட்ச்மேனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

"டாக்டர் என்னடா சொன்னார்?" என்று அவள் கேட்டதற்கு, "எல்லாம் சரியாத்தான் போகுதாம்" என்று சொல்லிவிட்டு, கையிலேயே இருந்த குடையைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

அவளும் நம்பிவிட்டாள். கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக லென்ஸ் அறுக்கிறவள் அவள். மயிரிழை கோணல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் சொந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்து ஏமாந்துபோனாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நாமாக இருந்தாலும் நம்பியிருப்போம்.

அது நடந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. இன்று சனிக்கிழமை, கடையில் அவளுக்கு விடுமுறை. பத்து மணிக்கெல்லாம் தம்பி வீட்டுப் படியேறிவிட்டாள்.

இளையவன் கூடத்தில் சோபாவில் சாய்ந்திருந்தான். தலையில் ஒரு முடி கிடையாது. "சீப்பு, ஷாம்பு, பார்பர், மூணு செலவு மிச்சம்" என்று வருகிறவர்களிடம் அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். இரண்டு சுற்று மருந்து ஏற்றியாகிவிட்டது. மூன்றாவது சுற்று அடுத்த மாதம்.

அவனைச் சுற்றித் தரையெல்லாம், ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவதற்கான சாமான் அட்டைப்பெட்டிகள். கேபினெட், மதர்போர்டு, பிராசசர், ராம், பவர் சப்ளை என்று பத்து நாளாக ஒவ்வொன்றாக வந்து இறங்கியிருந்தன. வங்கிகளுக்கெல்லாம் போய்க் கம்ப்யூட்டர் சரிபார்க்கும் வேலை அவனுக்கு. நோய் வந்து வீட்டில் உட்கார்ந்தபிறகு, கம்ப்யூட்டரைப் பழக்கி எழுத்துகளை வாசிக்கவைக்கும் வித்தையைத் தானாகவே படித்துவைத்திருந்தான்.

"உன் பெண்டாட்டி எங்கே?"

"மேடம் ஆபீஸுக்குப் போயிருக்காங்க. சனிக்கிழமையும் வரச் சொல்லிட்டாங்களாம்."

மூத்தவள் உதட்டைச் சுழித்தாள். புருஷன் இந்த நிலைமையில் இருக்கும்போது ஒரு நாள்கூடத் தப்பாமல் வேலைக்குப் போகிறாளே என்ற வருத்தம் அவளுக்கு உண்டு. வெளியே சொன்னதில்லை. உதடு சொல்லிவிடும்.

தம்பி மனைவிக்கு ஆவணக் காப்பகத்தில் வேலை. நூறு வருடத்துப் பதிவேடுகளைப் பிரித்து, கோழி கிளறினதுபோல் இருக்கும் கையெழுத்தை வாசித்து, வரி வரியாக டைப் அடிக்க வேண்டும். இந்த வருடத்தோடு அந்தப் பிரிவை மூடப்போகிறார்கள். அதன் பிறகு, யார் வேகமாக வாசித்துக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு ஒப்பந்தத்தில் வேலை. அதற்குத்தான் இந்த மெஷின். அவள் டைப் அடித்த பல்லாயிரம் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கையெழுத்தை இந்த மெஷின் கற்றுக்கொள்ளும். நாள் முழுக்க அவள் படிக்கிற பக்கங்களை இது ஒரு மணி நேரத்தில் படித்துக் கொடுத்தால், அவள் பிழை திருத்தினால் போதும்.

"இன்னைக்குக் கார்டு மட்டும்தான் பாக்கி" என்று மருந்துப்பெட்டி அட்டை ஒன்றை நீட்டினான். முதுகுப்பக்கத்தில் எழுதியிருந்தது: *கிராபிக்ஸ் கார்டு. புதுசு. 16 ஜிபி. மூன்று வருட வாரண்டி. பில் மேடம் பெயரில்.*

'புதுசு' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

"நானே போயிருவேன். படி ஏறி இறங்கத்தான் மூச்சு வாங்குது."

"நீ போய்க் கிழிச்சது போதும், படு" என்று சொல்லிவிட்டு, பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அட்டையை மறுபடி படித்தபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவனா எழுதியது? 'புதுசு வாங்கறவன் பாதிக் காசை டப்பாவுக்குக் கொடுக்கறான்' என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியவன். பள்ளிக்கூட நாளிலிருந்தே பழைய சாமான் கடை எதையும் அவன் தாண்டிப் போனதில்லை. அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். செத்துப்போன ரேடியோ, மூளை கலங்கின பிரிண்டர் எல்லாம் அவன் கைபட்டால் எழுந்து உட்காரும்.

இந்த மெஷினைப் பற்றியும் அவன்தான் ஒரு மாதமாக அவள் காதில் ஓதியிருந்தான். "மெஷினைப் பழக்கற வேலையே கார்டுலதான் நடக்கும். அதுல மெமரிதான்க்கா முக்கியம். வேகம் கம்மின்னா இன்னைக்கு முடியறது நாளைக்கு முடியும், அவ்வளவுதான். மெமரி கம்மின்னா ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. பாத்திரம் சின்னதா இருந்தா அடுப்பு எவ்வளவு எரிஞ்சு என்ன?" புதுசில் 16 ஜிபி வாங்குகிற காசுக்குக் குறைவாகவே, பழசில் 24 ஜிபி கிடைக்கும் என்பதும் அவன் சொன்னதுதான்.

உடம்பு முடியாததால் அலைய அலுத்துக்கொண்டு புதுசு என்று எழுதிவிட்டான். அப்படித்தான் அவள் நினைத்தாள். மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் மூன்றாவது சுற்றுக்கு ஆகுமே என்றும் நினைத்தாள். புதுச் சாமான் கடை வாசலில் பஸ் நின்றது. அவள் இறங்கி, எதிர்ச்சாரியில் இருந்த பழைய சாமான் கடைக்குள் நுழைந்தாள்.

"வாங்க வாங்க! தம்பி எங்கே, ஆளையே காணோம்?" என்றார் கடைக்காரர். அவருக்கு ஒரு காதில் எப்போதும் பென்சில் இருக்கும், எழுதி யாரும் பார்த்ததில்லை.

"தேறிட்டு வர்றான். 24 ஜிபி கார்டு இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. அனிமேஷன் படிக்கிற பொண்ணு வச்சிருந்தது. ராத்திரி பகலா பிட்காயின் தோண்டற மெஷின்ல ஓடித் தேஞ்சது கிடையாது."

"உங்க கடைக்கு வர்ற எல்லாக் கார்டும் அனிமேஷன் படிச்சிட்டுத்தான் வருது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை எடுத்து, கார்டின் பின்பக்கத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் கீறல் இல்லை. யாரும் பிரித்ததில்லை. விசிறி மூன்றையும் விரலால் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டாள். அப்புறம் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடச் சொல்லி, முக்காலியை இழுத்துப்போட்டு, திரையில் சூடு ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்திரண்டில் போய் நின்றது.

"உள்ள சூட்டை இறக்கற பேஸ்ட் காஞ்சிருக்கு. மாத்தினா எட்டு டிகிரி இறங்கும். அதுக்கும் சேத்துக் குறைச்சுக்குங்க. பேஸ்ட் டியூப் ஒண்ணு சும்மா குடுத்திருங்க."

சொன்னபிறகு அவளுக்கே வியப்பாக இருந்தது. அச்சு அசல் தம்பியின் பேச்சு.

"வாரண்டி?"

"ஒரு வாரம். அதுவும் உங்க தம்பி முகத்துக்காக."

புதுசின் விலையில் முக்கால் பங்குதான் ஆயிற்று. கார்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறியபோது, பல மாதங்களுக்குப் பிறகு அவள் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மிச்சப் பணத்தை மூன்றாவது சுற்றுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு, ரசீதையும் கார்டையும் ஒன்றாக அவன் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

பணம் கட்டும் ஜன்னலில் இருந்த பெண் பெயரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"அடுத்த மாசம் இவருக்கு எதுவும் இல்லையே."

"மூணாவது சுற்று இருக்கும்மா. நல்லாப் பாரு."

"இருந்துச்சு. ரத்து பண்ணியாச்சு."

"யாரு ரத்து பண்ணது?"

"பேஷன்ட்தான். கையெழுத்துப் போட்டிருக்கார். தேதி…" அந்தப் பெண் விரல்விட்டு எண்ணினாள். "பதினோரு நாள் ஆச்சு."

பின்னால் நின்றவர் இருமினார். மூத்தவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. யாரோ தோளைத் தொட்டு ஓரமாக உட்காரவைத்தார்கள். அதே பெஞ்ச்.

முதலில் வந்தது கோபம்தான். என்னிடம்கூடச் சொல்லாமல், என்னை மருந்து வரிசையில் நிற்கவைத்துவிட்டு, வாட்ச்மேனோடு சிரித்துக்கொண்டு! நேரே போய் நாலு அறை விட வேண்டும் என்று எழுந்தாள். பஸ்ஸில் ஏறி மடியில் இருந்த துண்டுப்பொட்டலத்தைப் பார்த்தாளோ இல்லையோ, கோபம் உடைந்துபோயிற்று. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் கைக்குட்டையைக் கொடுக்கிற அளவுக்கு அழுதாள்.

வீட்டில் இளையவன் மதர்போர்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் துண்டைப் பிரித்து முன்னால் வைத்தாள்.

அவன் கார்டைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"இது பழசுல்ல?"

"இருபத்தினாலு ஜிபி. நீ சொன்னதுதானே."

"நான் அட்டையில என்ன எழுதினேன்? ரெண்டு கோடு போட்டுல்ல எழுதினேன்!"

"கத்தாதே. மிச்சக் காசை ஆஸ்பத்திரியில கட்டப் போனேன்" என்றாள்.

அதற்குமேல் அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் மதர்போர்டை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து மூடினான். வெளியே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். கிளம்பவே இல்லை.

"மருந்து வேலை செய்யலக்கா" என்றான். "டாக்டர் நேராவே சொல்லிட்டார். இன்னொரு சுற்று ஏத்தினா ஒரு மாசமோ ரெண்டு மாசமோ கூடலாமாம். ஆனா அந்த ரெண்டு மாசமும் வாந்தியும் படுக்கையுமாத்தான் போகும். ஏத்தலன்னா இப்படியே கொஞ்ச நாள் எழுந்து நடமாடலாம். உக்காந்து யோசிக்கலாம். வேலை செய்யலாம். எனக்கு இதுதான் வேணும்னு தோணுச்சு."

"எத்தனை நாள்?"

"இந்த மெஷினைப் பழக்கி முடிக்கிற அளவுக்கு இருக்கும்னு நினைக்கிறேன்."

"அதுக்கு இதைப் போய் எதுக்குடா வாங்கறே? ஆன்லைன்ல மெஷின் வாடகைக்குக் கிடைக்கும்னு நீதானே சொன்னே?"

"வாடகைக்கு மாசாமாசம் கட்டணும், அதை நோண்டிக்கிட்டே இருக்கணும். இது வீட்டுல நிக்கும். பொத்தானை அமுக்கினா போதும், மேடம் அவங்க வேலையைப் பார்ப்பாங்க."

மூத்தவள் கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "சரி, இதுல என்ன குறை? நான் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். திருகாணி ஒண்ணொண்ணையும் பார்த்தேன். புதுசைவிட இதுதானே நல்லது?"

"கார்டுல குறையே இல்லக்கா. நானா இருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன்." அவன் சிரிக்கப் பார்த்தான். "ஆனா பழசுன்னா பாத்துக்க ஒரு ஆள் வேணும். விசிறி நின்னா மாத்தணும். பேஸ்ட் காஞ்சா துடைச்சுத் தடவணும். இத்தனை நாளும் நான் பழசையே வாங்கினேன்னா, பக்கத்துல நான் இருந்தேன். புதுசுக்கு ஆள் வேண்டாம். பில் இருந்தாப் போதும். மூணு வருஷத்துக்கு எது கெட்டாலும் மேடம் கடையில கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பத்து நாளாக வந்து இறங்கிய ஒவ்வொரு பெட்டியும் புதுசு. ஒவ்வொரு பில்லிலும் தம்பி மனைவியின் பெயர். அவன் தனக்குப் பிறகு வரும் மூன்று வருடங்களை ஒவ்வொரு பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். தான் பெரிய புத்திசாலித்தனம் பண்ணியதாக நினைத்து அவள் அதில் ஒன்றைப் பிடுங்கிவிட்டிருந்தாள்.

"திருப்பிக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள். பிறகு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"பாத்துக்க ஆள் வேணும்னு சொன்னியே. நான் ஆள் இல்லையா?"

"நீயா?"

"ஏன், என் கையில என்ன கோளாறு? உன் கம்ப்யூட்டர்ல இருக்கற திருகாணியைவிடச் சின்னத் திருகாணியை நான் தினம் நூறு திருகறேன். கெஞ்ச வேண்டாம்னு சொல்றியே, என் தம்பி பெண்டாட்டி என்கிட்ட எதுக்குடா கெஞ்சணும்?"

இளையவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்கும் அவளுக்கும்தான் ஒத்துப்போகாதே" என்றான் மெல்ல.

சுருக்கென்று இருந்தது. இதுவும் அவனுக்குக் கவலையாக இருந்திருக்கிறது. தனக்குப் பிறகு அக்கா இந்தப் படி ஏறுவாளா என்று தெரியாமல்தான் பில்லை நம்பியிருக்கிறான். அக்காவை நம்பவில்லை.

கைப்பையைத் திறந்து, கடையில் மூக்குக்கண்ணாடிக்குப் பயன்படுத்தும் திருப்புளிகளை வெளியே எடுத்தாள். லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட்டையும் மெல்லிய துணியையும் எடுத்தாள். கார்டைக் கவிழ்த்தாள்.

"எங்கே ஆரம்பிக்கணும்? சொல்லு."

"அக்கா…"

"சொல்லுடா."

அவன் சொன்னான். எந்தத் திருகாணியை முதலில் கழற்ற வேண்டும், எதை மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும், விசிறி ஒயரை எப்படி நகத்தால் நெம்ப வேண்டும் என்று. ஒரு திருகாணியை அவனே எடுத்துக்கொடுக்கக் கையை நீட்டினான். விரலில் நிற்காமல் உருண்டு ஓடியது. மறுபடி எடுத்தான். மறுபடி உருண்டது.

"விரல் நுனி மரத்துப்போச்சு" என்றான். "மருந்தோட வேலை. ஸ்பூன்கூட நிக்க மாட்டேங்குது. மேடம் முன்னாடி சாப்பிடறதில்ல."

கார்டின் மேல்கூடு கையோடு வந்தது. உள்ளே பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. அவள் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். சிப்பின் முகம் கண்ணாடிபோல் பளிச்சிட்டது. அதில் அவள் கண்ணீர் ஒரு சொட்டு விழப் பார்த்தது. "தண்ணி பட்டா போச்சு!" என்று அவன் பதறி அவள் தலையைத் தள்ளினான். இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். சிரிப்பு நின்றபிறகு அவன் அழ ஆரம்பித்தான். பதினோரு நாளில் இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. அவன் மொட்டைத் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கார்டு இருக்கற வரைக்கும் நான் இருக்கேன். அதுக்கு அப்புறமும் இருக்கேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. அவகிட்ட நீ இன்னைக்கே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். மறைக்கவும் மாட்டேன்."

"இந்த மெஷின் ஓட ஆரம்பிச்சதும் சொல்லலாம்னு…"

"இன்னைக்கு."

அவன் தலையாட்டினான்.

ஐந்து மணிக்குள் புதுப் பேஸ்ட்டும் தடவி எல்லாவற்றையும் மாட்டிவிட்டார்கள். அவன் சொல்லச் சொல்ல அவள் கை செய்தது. பவர் சப்ளையின் தடித்த ஒயர் 'டக்'கென்று உட்கார்ந்ததும், அவன் பொத்தானை அமுக்கச் சொன்னான். மூன்று விசிறியும் சுழன்றன. திரையில் எழுத்து ஓடியது. கார்டின் பெயரும் 24 ஜிபி என்பதும் ஒரு வரியாக வந்து நின்றன.

"சூடு எவ்வளவு காட்டுது?" என்று கேட்டான்.

"இப்ப நாப்பது. முழு வேகத்துல ஓடவிட்டாத்தானே தெரியும்?"

"தேறிட்டேக்கா" என்றான்.

அப்போது கதவில் சாவி திரும்பியது.

தம்பி மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். பதிவேட்டுத் தூசி அவள் புருவத்தில் படிந்திருந்தது. முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"அண்ணி, நீங்களும் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு! லீவு கிடைச்சிடுச்சு. எல்லாச் சனிக்கிழமையும் வந்து ஈடு கட்டறேன்னு சொல்லி, இத்தனை நாளா ஒரு லீவும் போடாம சேத்துச் சேத்து, இன்னைக்குத்தான் கையெழுத்து வாங்கினேன். அடுத்த மாசம் முழுசா இருபது நாள். இந்தத் தடவை ஆஸ்பத்திரியில ராத்திரி பகல் நான்தான் கூட இருப்பேன். உங்களை ஒரு நாள்கூட அலையவிட மாட்டேன்."

மூத்தவளுக்குத் தன் உதட்டைத் தானே கிள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தம்பி மனைவி மெஷினைப் பார்த்தாள், அண்ணியின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள். கையில் இருந்த லீவுக் கடிதத்தை மெதுவாக மடித்தாள்.

"இப்படி வந்து உக்காரு" என்றான் இளையவன். இன்றைக்கு அவளை மேடம் என்று அவன் கூப்பிடவில்லை.

அவள் அசையவில்லை.

"உக்கார மாட்டேன்" என்றாள். "நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லுங்க."